'எப்போ ஆட வருவாள்?' என்று கேட்கும் பயிற்சியாளர்களுக்கு

இளையோர் அணிகளைப் பயிற்றுவிக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பெரும்பாலோரை எனக்கு முகம் பார்த்துத் தெரியாது, தொலைபேசிக் குரலாகத்தான் தெரியும். நான் பிசியோதெரபிஸ்ட். அடிபட்ட பிள்ளை முதல்முறை என்னிடம் வந்துபோன அன்று மாலையே உங்கள் அழைப்பு வந்துவிடும். நலம் விசாரிப்பு ஒரு வரி. அடுத்த வரி, "எப்போ ஆட வருவாள்?" கேட்பதில் தப்பில்லை. அணியைக் கட்ட வேண்டியவர் நீங்கள், போட்டித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் இந்தக் கேள்விக்கு "பார்க்கலாம் சார்", "இன்னும் கொஞ்ச நாள் ஆகும் மேடம்" என்று வருஷக்கணக்காக நான் சொல்லிவரும் அரைகுறைப் பதில்கள் எனக்கே சலித்துவிட்டன. முழுப் பதிலையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் கதை. 17 வயதில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். ரீபவுண்டுக்கு எம்பி, ஒற்றைக்காலில் இறங்கினேன். யாரும் தள்ளவில்லை, பக்கத்தில்கூட யாரும் இல்லை. முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. 'பட்' என்று ஒன்று, காதில் கேட்டதைவிட எலும்புக்குள் கேட்டது. பயிற்சியாளர் ஓடிவந்து ஸ்ப்ரே அடித்தார், கிரேப் பேண்டேஜ் சுற்றினார், "சுளுக்குதான், நடந்து பார்" என்றார். நடந்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி உள்ளே இறக்கினார், நானும் ஆடி முடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முட்டிச்சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி கால் வீங்கிவிட்டது. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. பயிற்சிக்குப் போனேன், திரும்பி ஓடும்போது முட்டி சறுக்கியது. முதல்நாள் கிழிந்தது ஏசிஎல், முழங்காலுக்கு நடுவில் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப்பிடிக்கும் நார். இரண்டாம் முறை மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் மெத்தையும் சேர்ந்து போனது.

அவர் நல்ல மனிதர். இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் யாராவது உட்காரவைத்துச் சொல்லித் தந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

இந்த இடத்தில் நம் பேச்சுவழக்கோடும் எனக்கொரு சண்டை இருக்கிறது. 'ஜவ்வு' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அதிலேயே அடைத்துவிடுகிறோம். ஆட்டத்தில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்கிறோம். வயதானவருக்கு "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்கிறோம். முதலாவது பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் நார். இரண்டாவது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. இவை போதாதென்று முழங்காலுக்குள் மெத்தைபோல் இரண்டு பிறைவடிவ மெனிஸ்கஸ். நாருக்கு ஓரளவு ரத்த ஓட்டம் உண்டு. குருத்தெலும்புக்கு அது அறவே கிடையாது. மெனிஸ்கஸில் வெளி விளிம்புக்கு மட்டும் ரத்தம் போகும், உள்பகுதிக்குப் போகாது. ரத்தம் போகாத இடம் கிழிந்தால் தானாக ஒட்டுவது அரிது. "ஜவ்வுதானே, மூணு வாரத்தில் கூடிடும்" என்று நீங்கள் ஒரு பெற்றோருக்குத் தைரியம் சொல்லும்போது எந்த ஜவ்வைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. ஸ்கேன் வரும்வரை எனக்கும் முழுதாகத் தெரியாது. 'சுளுக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். சொல்லிமுடித்ததுமே காயம் பாதியாகச் சிறுத்துவிட்டது போல ஒரு நினைப்பு நமக்கு.

சரி, காயத்துக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். அங்கே நடப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

ஏசிஎல் கிழிவதில் ஏறக்குறைய பத்தில் ஏழு, எதிராளி மோதாமலே நடப்பவை. எம்பி இறங்கும்போது, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது, திசை மாற்றும்போது நடக்கும். வீடியோக்களை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர்கள் கண்டது, கால் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி செகண்டிலேயே நார் அறுந்துவிடுகிறது. கண் இமைக்க அதைவிடப் பலமடங்கு நேரம் ஆகும். முட்டி உள்ளே மடிகிறது என்ற சேதி மூளைக்குப் போய், தசைக்கு உத்தரவு வந்து, தசை இறுகுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால் "பார்த்து இறங்கு" என்று ஓரத்தில் நின்று கத்துவதில் பயனில்லை. இறங்குவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே, எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்பது உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். பழக்குவதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்வது.

அதற்கான பயிற்சிமுறை பல வருடங்களாகக் கைவசம் இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம், ஆஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையம் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து உருவாக்கிய '11+' என்ற வார்ம்-அப். மொத்தம் 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம். மெதுவான ஓட்டத்தில் தொடங்கும். நடுவில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க், ஒற்றைக்காலில் நிற்பது, குந்தி எழுவது, குதித்து மெத்தென்று இறங்குவது. கடைசியில் வேக ஓட்டமும் திசை மாற்றமும். கருவி எதுவும் வேண்டாம், பந்து இருந்தால் போதும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் ஒரு பருவம் முழுக்கச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். செய்த அணிகளில் மொத்தக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, கடுமையான காயம் பாதியை ஒட்டிக் குறைந்திருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு அதே நாட்டில் ஹேண்ட்பால் ஆடும் பிள்ளைகளிடம் இதேபோன்ற ஒரு வார்ம்-அப்பைச் சோதித்தபோதும் முழங்கால், கணுக்கால் காயங்கள் பாதியளவுக்கு இறங்கின. ஒரு மாத்திரை இவ்வளவு வேலை செய்திருந்தால் அதை வரிசையில் நின்று வாங்கியிருப்போம்.

நான் மைதானங்களில் பார்ப்பது வேறு. இரண்டு சுற்று ஓட்டம், நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்து நீட்டுவது, உடனே ஆட்டம். அப்படி நீட்டிப் பிடிப்பது மூட்டுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. 20 நிமிடம் வீண் என்று நீங்கள் சொல்வதும் என் காதில் விழுகிறது. அதையே திருப்பிப் பாருங்கள், வாரத்துக்கு இரண்டு முறை செய்தாலே பலன் தெரிகிறது. ஒரு பருவம் முழுக்கச் செலவாகும் மணிநேரத்தைக் கூட்டி, ஒரே ஒரு பிள்ளை ஒன்பது மாதம் ஓரத்தில் உட்கார்வதோடு வைத்துப் பாருங்கள். முக்கியமாக, நீங்கள் அங்கே நின்று பார்க்க வேண்டும். முட்டி கால்விரலுக்கு நேராகப் போகிறதா, உள்ளே சரிகிறதா என்று ஒவ்வொருவரையும் கவனிக்க வேண்டும். கேப்டனிடம் விட்டுவிட்டு நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் உடற்பயிற்சி வகுப்பாகிவிடும்.

பெண்கள் அணி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஒரே ஆட்டத்தை ஒரே அளவு ஆடினாலும், கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பு அகலம், ஹார்மோன் என்று காரணங்களை அடுக்குவார்கள். ஆய்வுகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. என் கண்ணுக்குத் தெரிவது வேறு. பையன்களை எடை தூக்கும் அறைக்கு அனுப்பிவிட்டு, பெண்களை "லேசா ஓடிட்டு வாங்க" என்று விடுகிறோம். இடுப்பெலும்பை மாற்ற யாராலும் முடியாது. தொடையின் பின்தசையையும் பிட்டத் தசையையும் வலுவாக்க உங்களால் முடியும்.

சுமையைப் பற்றியும் சுருக்கமாக. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தகடுகள் உண்டு, பக்கத்திலிருக்கும் நாரைவிட அவைதான் வலு குறைந்தவை. ஒரே மாதிரி வீச்சை ஆயிரம் முறை எறிந்தால் தோளிலும் முழங்கையிலும் அங்கேதான் முதலில் வலிக்கும். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்பதற்கு ஒரு எளிய வரம்பு இருக்கிறது, பிள்ளையின் வயது எவ்வளவோ அதைத் தாண்டக் கூடாது. 12 வயதென்றால் 12 மணிநேரம், எல்லா அணிகளையும் சேர்த்து. தூக்கமும் கணக்கில் வரும். எட்டு மணிநேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய வளரிளம் ஆட்டக்காரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. விடிகாலை ஐந்து மணிக்குப் பயிற்சி வைப்பதில் பெருமைப்படுகிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி அடிபட்ட அந்தக் கணம். நீங்கள் மருத்துவராக வேண்டாம், சில அடையாளங்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். 'பட்' என்ற சத்தம் கேட்டதாகப் பிள்ளை சொன்னால், இரண்டு மணிநேரத்துக்குள் முழங்கால் வீங்கினால், கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால், "முட்டி விலகுது" என்று சொன்னால், அன்றைக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது. வலி குறைந்துவிட்டது என்பது கணக்கே இல்லை. முழுதாக அறுந்த நார் சில சமயம் பாதி அறுந்ததைவிடக் குறைவாக வலிக்கும். கணுக்கால் என்றால், இரண்டு பக்கமும் துருத்தியிருக்கும் எலும்பு முனையின் பின்பக்கம் அமுக்கிப் பாருங்கள். எலும்பின்மேல் வலித்தாலோ, நாலு எட்டு எடுத்துவைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதி இது. தேவையில்லாத எக்ஸ்ரேக்களை அது குறைத்தது, எலும்பு முறிவைத் தவறவிடுவதும் மிக அரிது.

தோள் நழுவினால் தயவுசெய்து யாரும் இழுத்துவிடாதீர்கள். எலும்பு உடைந்திருக்கலாம், தோளைச் சுற்றி ஓடும் நரம்பு மாட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கு எந்த நிலை சுகமோ அப்படியே கையைத் துணியால் தாங்கிக் கட்டி, விரல்களில் உணர்வும் சூடும் இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், உள்ளே போனதும் கதை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம்.

ஐஸ் பெட்டியைப் பற்றி நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014-இல் தானே முன்வந்து, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்ளும் மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வலிக்குப் பத்து நிமிடம் ஐஸ் வைப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதையே சிகிச்சை என்று நினைப்பதுதான் தவறு. முதல் ஓரிரு நாள் காக்க வேண்டும், கட்ட வேண்டும், உயர்த்தி வைக்க வேண்டும். அப்புறம் வலி விடுகிற அளவுக்குச் சுமை கொடுத்து நடக்கவைக்க வேண்டும். புதிதாக வீங்கிய மூட்டைச் சூடாக்குவது, அழுத்தி உருவுவது இரண்டும் வேண்டாம். ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டு இறக்குவதைப் பற்றி நான் பேசினால் கடிதம் நீண்டுவிடும். வீட்டில் தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போது மணியின் ஒயரைப் பிடுங்குகிறவரை நாம் என்ன சொல்வோம்?

கணுக்கால் சுளுக்கை மட்டும் கொஞ்சம் மரியாதையோடு நடத்துங்கள். மறுபடி சுளுக்குவதற்கு மிகப் பெரிய காரணம் ஏற்கெனவே ஒருமுறை சுளுக்கியதுதான். நாரோடு சேர்ந்து, 'கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிப்போகிறது. வீக்கம் வடிந்தபின் தினமும் சில நிமிடம் ஒற்றைக்காலில் நிற்கவையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு ஆடும் பலகைமேல், பிறகு பந்தைப் பிடித்துக்கொண்டே. ஒருமுறை சுளுக்கியவருக்கு டேப்போ பிரேஸோ கட்டி இறக்குவதும் உதவும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஏசிஎல் கிழிந்தது என்றதும் "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. ஸ்வீடனில் ஏசிஎல் கிழிந்த 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை சிகிச்சை, மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. ஐந்து வருடம் கழித்து இரு தரப்பின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது, இரண்டாவது குழுவில் சுமார் பாதிப்பேர் கத்தியைத் தொடாமலே இருந்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திசை மாற்றி ஓடும் ஆட்டங்களில், முட்டி அடிக்கடி விலகும் பிள்ளைக்கு அறுவை தேவைப்படலாம். ஒவ்வொரு முறை விலகும்போதும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது, என் விஷயத்தில் நடந்தது அதுதான். முடிவை மருத்துவரும் குடும்பமும் எடுக்கட்டும். "சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா சீக்கிரம் ஆடலாம்" என்று மட்டும் இடையில் புகுந்து சொல்லாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்றால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒன்றில், உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த துண்டை நாருக்குப் பதிலாக வைக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு முதலில் ரத்த ஓட்டம் இல்லை. அது பாதி செத்து, புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து, மெதுவாக நாராக மாற வேண்டும். வைத்த நாளைவிட, இரண்டு மூன்று மாதம் ஆகும்போது அது வலு குறைந்து இருக்கும். ஆனால் அதே சமயத்தில்தான் வலி போய்விடுகிறது, வீக்கம் வடிந்துவிடுகிறது, பிள்ளை மாடிப்படி ஏறி இறங்குகிறது. நாலாம் மாதத்தில் "நல்லா ஓடுறாளே, நானே பார்த்தேன்" என்று எனக்குப் போன் வருவது இந்தக் கட்டத்தில்தான். ஓடுகிறாள், உண்மைதான். நேர்கோட்டில்.

பிரேசிலின் ரொனால்டோவை உங்களுக்குத் தெரியும். 1999 நவம்பரில் முட்டிச்சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாணில் காயம், அறுவை. ஐந்து மாதத்தில், 2000 ஏப்ரலில், இத்தாலியக் கோப்பை இறுதிப்போட்டியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஏழு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பந்தோடு ஓடும்போது, யாரும் தொடாமல், அதே தசைநாண் முழுதாக அறுந்தது. உலகின் மிகச்சிறந்த மருத்துவம் கிடைத்த உடம்பு அது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 2002 உலகக்கோப்பையில் எட்டு கோல் போட்டார், இறுதிப்போட்டியின் இரண்டு கோல்களும் அவருடையவை. அந்த எட்டைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

நாட்காட்டியை நம்ப வேண்டாம் என்கிறேன், ஆனால் நாட்காட்டி தேவையே இல்லை என்றும் சொல்லவில்லை. நார்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2016-இல் வந்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை எவ்வளவு தள்ளிப்போட்டார்களோ, அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் பாதியாகக் குறைந்தது. பலச் சோதனைகளிலும் தாவல் சோதனைகளிலும் தேறாமல் திரும்பியவர்களில் 38 விழுக்காட்டினர் மறுபடி முழங்காலில் அடிபட்டார்கள். தேறித் திரும்பியவர்களில் 6 விழுக்காடுகூட இல்லை. சோதனையில் வித்தை ஒன்றுமில்லை. தொடையின் முன்தசை, அடிபடாத காலோடு ஒப்பிட்டால் குறைந்தது 90 விழுக்காடு வலு இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே. ஒரு நாடா இருந்தால் நீங்களே அளக்கலாம்.

தேறினாலும் பயம் என்று ஒன்று மிச்சமிருக்கும். ஏசிஎல் அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் நாலு பேர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள், பழைய போட்டி நிலைக்குத் திரும்புவோர் பாதிக்குச் சற்று மேல்தான். தசை சரியாகியும் மனசு இறங்க மறுப்பது அதற்கு ஒரு பெரிய காரணம். இதில் என்னைவிட உங்களுக்குத்தான் வேலை அதிகம். ஒன்பது மாதம் அணியை விட்டு விலகி, வீட்டில் தனியாக ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கும் 16 வயதுப் பிள்ளைக்கு எதற்காக இதைச் செய்கிறோம் என்பதே மறந்துபோகும். பயிற்சிக்கு வரச்சொல்லுங்கள். உட்கார்ந்தபடி பந்து எறியட்டும். ஸ்கோர் எழுதட்டும். எதிரணியைக் கவனித்து உங்களுக்குக் குறிப்பு சொல்லட்டும். அணியின் சீருடையைத் திரும்ப வாங்கிவைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அதுதான் நடந்தது, முட்டியைவிட அது அதிகம் வலித்தது.

இவ்வளவும் எதற்கென்றால், ஏசிஎல் அல்லது மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கு பத்து இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. 16 வயதில் கிழிந்தால் 36-இல் படியேற வலிக்கும். நீங்கள் அப்போது வேறு அணியைப் பயிற்றுவித்துக்கொண்டிருப்பீர்கள். என் இடது முழங்கால் காலையில் எழுந்ததும் முதல் பத்து அடிக்கு இன்றைக்கும் ஒத்துழைப்பதில்லை.

கடைசியாக, உங்களில் ஒருவருக்கு மட்டும். சென்ற வாரம் மூன்று முறை அழைத்தீர்கள், நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அணிப் பெண்ணுக்கு அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகியிருக்கிறது. முன்தொடை வலு 82 விழுக்காடு. போன மாதம் 74. வரும் வியாழக்கிழமை மாலை மறுபடி தாவல் சோதனை வைத்திருக்கிறேன். நாடாவின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்